அவள் மரத்துக்கு நான் போட்ட உரம்

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே வந்து நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பற்றி ஒரு மாதிரி நினைப்பதைவிட அது மேல். என் பொறாமை ஊர் முழுக்கப் பரந்ததல்ல. கூட வேலை பார்த்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்தபோதும் எதிர்வீட்டார் மாடி எடுத்தபோதும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, போய் வாழ்த்திவிட்டு காபி குடித்துவிட்டு வந்தேன். மொத்தப் பொறாமையையும் சேர்த்துவைத்து ஒரே ஆள்மேல் கொட்டினேன். அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி, என் ஓரகத்தி.

மயிலாடுதுறையிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் எங்கள் வீடு. ஒரே காம்பவுண்டு, நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசல். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். கொல்லையில் உர மூட்டைகள் கிடக்கிற கொட்டகை இரண்டு வீட்டுக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் போவோம், ஒரே வரிசையில்தான் உட்காருவோம்.

நான் உதவி வேளாண்மை அலுவலர். ஸ்கூட்டியில் வயல் வயலாகப் போவது என் வேலை. இத்தனை வருடத்தில் நான் விவசாயிகளிடம் சொன்னதையெல்லாம் பிழிந்தால் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சும்: யூரியாவைக் குறையுங்கள். கைப்பையில் எப்போதும் இலை வண்ண அட்டை வைத்திருப்பேன். வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டை பட்டையாக நிறம் போட்ட பிளாஸ்டிக் அட்டை அது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, நெல் இலையை நம் நிழலில் வைத்து அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். இலை அட்டையைவிட வெளிறியிருந்தால்தான் மேலுரம். இல்லாவிட்டால் மூட்டையைத் திறக்கவே கூடாது.

யாரும் கேட்க மாட்டார்கள். "பயிரு கருகருன்னு இருந்தாத்தாம்மா மனசுக்குத் திருப்தி" என்பார்கள். அந்தக் கருகருப்பைப் பார்த்தால் விவசாயிக்குக் கண் குளிரும், பூச்சிக்கு நாக்கு ஊறும் என்று நான் திருப்பிச் சொல்வேன். செடிக்குத் தழைச்சத்து அளவுக்கு மீறிப் போனால், அதை அது இலையாகவும் தண்டாகவும் ஆக்கி முடிப்பதற்குள் மிச்சம் சாற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கு அதைவிடச் சத்தான சாப்பாடு கிடையாது. நெல்லில் அது புகையானாக வரும், உளுந்திலும் மிளகாயிலும் அசுவினியாக வரும். அசுவினி முட்டை வைத்துக் காத்துக்கொண்டிருக்காது. ஆண் துணைகூட அதற்கு வேண்டாம். குட்டியாகவே போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பித்துவிடும். நல்ல சாப்பாடு கிடைத்தால் இன்னும் சீக்கிரம். இதை நான் எத்தனை மரத்தடிக் கூட்டங்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இப்படி எல்லாம் தெரிந்த என் கையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று பிழைத்ததில்லை. அவள் கையில் எல்லாம் பிழைத்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள், எழுந்து வந்து ஒரு குச்சியை நட்டுவிட்டு மறுபடி தைக்கப் போய்விடுவாள், குச்சி துளிர்த்துவிடும். அவளுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளுக்குள் எரியும். நான்கு வருடம் கல்லூரியில் மண்ணையும் சத்தையும் படித்துவிட்டு வந்த ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள், ஊர்ப் பெண்கள் கத்திரி நாற்று கேட்டு அந்த வாசலுக்குப் போகிறார்கள்.

ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வந்து, எல்லோரும் நாற்றங்கால் தயார்செய்துகொண்டிருந்த சமயம். என் வட்டாரத்துப் பெரிய விவசாயி ஒருவர் காலையிலேயே பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, அதில் முளைகட்டிய விதைநெல். போன வாரம் விதைநேர்த்தி பற்றி என்னோடு வாதாடியவர்தான். மனம் மாறி ஆலோசனை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தேன்.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி இருக்காங்களாம்மா? முதப் பிடி விதையை அவங்க கையால போடச் சொல்லி வீட்ல அனுப்பினாங்க."

அவள் வெளியே வந்து, அக்கா இருக்கும்போது நான் எப்படி என்று கூச்சப்பட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். போயிட்டு வா என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் போய், சேற்றில் இறங்கி, ஒரு பிடி விதையை வீசிவிட்டு வந்தாள். அந்த வயல் நன்றாகத்தான் விளைந்தது. விதைநேர்த்தி நான் சொன்னது, யூரியாவை மூன்று தவணையாகப் பிரித்துப் போட்டது நான் சொன்னது. அறுவடை முடிந்ததும் அவர் ஒரு பை புதுஅரிசி கொண்டுவந்து அடுத்த வாசலில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் அதில் பாதியை எனக்கு அளந்து கொடுத்தாள். அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டேன். சோறு நன்றாக இருந்ததுதான் இன்னும் கோபம்.

இனி மரங்களுக்கு வருகிறேன்.

திருக்கடையூர் போகிற வழியில் சாலையோரம் ஒரு செடிக்கடை. அறுபதாம் கல்யாணத்துக்குக் காரில் வருகிறவர்கள் திரும்பும்போது நிறுத்திப் பூச்செடி வாங்குவார்கள். அங்கே ஒருநாள் நாங்கள் இருவரும் இரண்டு கிறிஸ்துமஸ் மரக் கன்றுகள் வாங்கினோம். ஊசி ஊசியாக இலை, அடுக்கடுக்காகக் கிளை, ஒவ்வொரு அடுக்கும் விரித்த குடை மாதிரி. அராக்கேரியா என்பது அதன் பெயர், மலைப்பக்கம் நன்றாக வரும். நம் ஊர் வெக்கைக்குத் தொட்டியில் வைத்துக் கவனமாகப் பார்த்தால் பிழைக்கும். நல்ல கன்றாகப் பார்த்து முதலில் நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் சோகையாக இருந்ததை அவளுக்கு விட்டேன்.

நான் மணல், செம்மண், மட்கிய எரு என்று கணக்காகக் கலந்து தொட்டி நிரப்பினேன். அவள் கொல்லை மண்ணை அள்ளிப் போட்டாள், தினமும் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினாள். நான்கு வருடத்தில் அவள் மரம் ஆள் உயரம் வந்துவிட்டது. நேராக, அடுக்குத் தவறாமல், பார்க்கிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி. என் மரத்தில் ஒரு பக்கம் கீழடுக்கு காய்ந்து உதிர்ந்து, மீதி மரம் தெருப்பக்கம் சாய்ந்து நின்றது. காரணம் எனக்குத் தெரியும். என் தொட்டி மேற்குச் சுவரோரம் இருந்தது, மத்தியானச் சூடு சுவரில் ஏறி மரத்தின் மேல் அடித்தது. அவள் தொட்டி கிழக்கில், காலை வெயிலில். என் தொட்டியை இடம் மாற்றினால் போதும். நான் மாற்றவில்லை. மாற்றினால் அவளைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடும்.

எங்கள் ஆலயத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் கடலோரத் தோப்பிலிருந்து ஒரு சவுக்கு மரத்தின் தலையை வெட்டிவந்து பீடத்துக்குப் பக்கத்தில் நட்டு அலங்கரிப்பார்கள். புதுவருடம் வருவதற்குள் அது பழுத்துக் கொட்டி, பெருக்குகிறவர் உயிரை வாங்கும். புதிதாக வந்த போதகர், பிறப்புப் பண்டிகைக்கு ஒரு மரத்தை வெட்டிக் கொல்வானேன், சபையார் வீட்டில் வளர்கிற மரம் ஏதாவது இருந்தால் தொட்டியோடு கொண்டுவந்து வைக்கலாமே என்றார். அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு கமிட்டியார் மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் என் வாசல்தான் என்பதால் முதலில் என் மரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த 'இதுவும்' என்பதிலேயே முடிவு தெரிந்துவிட்டது. சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். போன வேகத்தில் அங்கே சிரிப்பும் பேச்சும் கேட்டது, காபி டம்ளர் சத்தம் கேட்டது. என் வீட்டுக் காபியை வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயந்தரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. விஷம் வைக்க வேண்டாம். வெந்நீர் ஊற்ற வேண்டாம். நான் ஊரெல்லாம் எதைப் போடாதீர்கள் என்று சொல்கிறேனோ அதைப் போட்டால் போதும். அசுவினி தானாக வரும். இலையெல்லாம் பிசுபிசுவென்று ஒழுகும், எறும்பு ஏறும், கரும்பூசணம் படியும். அப்படிப்பட்ட மரத்தை யாரும் ஆலயத்துக்குள் கொண்டுபோக மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயந்தரம் அவள் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போய்விடுவாள். நான் கொட்டகைக்குப் போய் மூட்டையிலிருந்து இரண்டு கரண்டி யூரியா எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அவள் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். அதிகம் போட்டால் இலை கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். கருகக் கூடாது, ஆனால் கொழுக்க வேண்டும். அந்த அளவு எனக்குத் தெரியும், அதற்குத்தானே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊற்றினேன். ஒரு தடவை அவள் சீக்கிரம் திரும்பி வருகிற சத்தம் கேட்டு, கரைக்க நேரமில்லாமல் ஒரு கை அப்படியே மண்ணில் தூவிவிட்டு வந்தேன். நான் செய்தது தவறு என்று அப்போது தோன்றவில்லை. சோறுதானே போடுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. வாய்க்கால் வரப்பெல்லாம் நிரம்பி, வயலில் தண்ணீர் வடியவில்லை என்று விவசாயிகள் தவித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு அசுவினி வராதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். கனமழையில் அசுவினி நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். அதுவும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், என் விஷயத்தில் மறந்துவிட்டது. பூச்சி வரவில்லை, யூரியா மட்டும் வேலை செய்தது. அவள் மரம் எல்லாக் கிளை நுனியிலும் புதுத்தளிர் விட்டு, கரும்பச்சையாகப் பளபளவென்று நின்றது. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் ஆலயத்தில் வைத்தபோது உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். சீரியல் விளக்கு போடுவதற்கு முன்பே அது அழகாக இருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வளர்த்த தளிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுக்க என் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பண்டிகை முடிந்து மரம் வீட்டுக்குத் திரும்பியது. மழை நின்று, பனி விழ ஆரம்பித்து, பொங்கலுக்கு முந்தின வாரம் அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தளிர் இடுக்கெல்லாம் சாம்பல் தூவின மாதிரி அசுவினி. தூளைத் தள்ளிப் பார்த்தால் கூட்டம் கூட்டமாக அசையாமல் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. தரையில் பிசுபிசுப்பு, தொட்டி விளிம்பில் எறும்புச் சாரை. வந்துவிட்டதா என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவள் என்ன தப்பு செய்தேன் என்று என்னையே கேட்டாள். நான் தொழில்முறையில் குனிந்து, இலையைத் திருப்பி, தேவையில்லாத நேரம் எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டு, அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினதால் வந்தது என்று சொன்னேன். அவள் நம்பினாள். அன்றிலிருந்து அந்தத் தண்ணீரை ஊற்றுவதை விட்டாள். நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் இந்தக் கதையில் நிறைய இருக்கின்றன. அவற்றில் இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

மரம் வாட ஆரம்பித்தபோது மனம் கொஞ்சம் இறங்கியது. வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து எடுத்துக்கொண்டு, மூன்று ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து கிளை கிளையாகக் கழுவினோம். மூன்றாவது ஞாயிறு, பழந்துணியால் ஒரு கிளையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை உரம் போட்டது எனக்குத் தெரியும்க்கா."

நான் கையிலிருந்த துணியை வாளியில் போட்டேன்.

"மண்ணுல வெள்ளையாக் கெடந்துச்சு. பாத்தேன். நம்ம வீட்ல யூரியா அளவு தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தருதானே. சொல்லாமக் கொள்ளாம செஞ்சிருக்கீங்க. அதான் மரம் அப்படி இருந்துச்சு."

அவள் கண் கலங்கியிருந்தது. பாடகர் குழுவில் எல்லோரிடமும் சொன்னாளாம், இது என் கைராசி இல்லை, எங்கள் அக்கா மறைவாகச் செய்த உபகாரம் என்று. பண்டிகை நாளில் சபைப் பெண்கள் என்னிடம் அத்தனை அன்பாகக் கைகொடுத்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். துணியை வாளியில் முக்கிப் பிழிந்து அடுத்த கிளையைத் துடைத்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள் என்பது, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பிடித்திருந்தது.

அவள் மரம் பிழைத்தது, ஆனால் நுனி காய்ந்து உயரம் போய்விட்டது. இனி அது ஆலயத்துக்குப் போகாது. அது தெரிந்த அன்றே நான் என் தொட்டியைக் கிழக்குப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இடம் மாறியதும் என் மரம் தெளிந்தது. ஆறே மாதத்தில் சாய்வு குறைந்து நிமிர்ந்தது. அடுத்த வருடம் கமிட்டியார் வருவதற்கு முன்பே, இந்தத் தடவை எங்கள் அக்கா மரம்தான் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டாள். கமிட்டியார் வந்தார்கள். என் வீட்டில் காபி குடித்தார்கள். உதிர்ந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் தெரியாது என்று அவர்களே வழியும் சொன்னார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் என் மரம் நிற்கப் போகிறது, போதகர் என் குடும்பத்தின் பெயரைச் சொல்லப் போகிறார். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மரத்தைத்தான் பார்ப்பேன்.

நான் அதற்கு எருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் சாம்பலும் தவிர எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் மரம் நாளுக்கு நாள் கறுத்தது. ஒருநாள் கைப்பையிலிருந்து இலை வண்ண அட்டையை எடுத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, மரத்தின் ஊசியிலையை அதில் வைத்துப் பார்த்தேன். நெல்லுக்காகச் செய்த அட்டை அது, இந்த மரத்துக்குப் பொருந்தாது என்பதுகூட என் புத்தியில் உறைக்கவில்லை. கடைசிப் பட்டையையும் தாண்டின கரும்பச்சை. வயலில் அந்த நிறத்தைப் பார்த்திருந்தால் விவசாயியை நிற்கவைத்துத் திட்டியிருப்பேன். என் வீட்டு வாசலில் பார்த்தபோது, படித்த படிப்பு கடைசியில் பலித்துவிட்டது என்று நினைத்துப் பூரித்துப்போனேன். எனக்கும் கைராசி வந்துவிட்டது.

அந்த வருடம் கார்த்திகையில் மழை ஏமாற்றியது. லோடு ஆட்டோ வருவதற்கு ஐந்து நாள் முன்னால், காலையில் பல் விளக்கிக்கொண்டே மரத்தடிக்கு வந்த என் காலில் பிசுபிசுப்பு ஒட்டியது. குனிந்து பார்த்தால் எறும்பு. நிமிர்ந்து பார்த்தால் தளிர் இடுக்கெல்லாம் சாம்பல் தூவின மாதிரி.

எனக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கு ஆகும்? இந்த வழியைக் கண்டுபிடித்தவளே நான்தானே. விரலால் மேல்மண்ணைக் கிளறினேன். கரையாத வெள்ளை உருண்டைகள் நாலைந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாயில் நுரையோடு, சுவரைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன். போகிற பத்தடிக்குள் அவளைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. ஊர் முன்னால் அக்கா அக்கா என்று குழைந்துவிட்டுப் பழிவாங்கியிருக்கிறாள், இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துகொண்டே நடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவளும் என்னைப் போலத்தான் என்றால், நான் அவ்வளவு கெட்டவள் இல்லை.

அவள் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள். நான் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கையை நீட்டி உருண்டைகளைக் காட்டினேன். அவள் திருட்டுப் பண்டத்தோடு அகப்பட்ட குழந்தை மாதிரி சிரித்தாள்.

"பாத்துட்டீங்களா? பண்டிகை அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். போன வருசம் நீங்க எனக்குச் செஞ்சதைத்தாங்க்கா நானும் செஞ்சேன். நீங்க வயலுக்குப் போனதும் வாரம் ஒரு கை போட்டுருவேன். உங்க மரமும் அப்படி வரணும்ல."

அந்த முகத்தில் கள்ளம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். ஐந்து நாளில் என் மரம் போக வேண்டும், அது போகாது என்ற ஆத்திரத்தில் வாய் தானாக ஓட ஆரம்பித்தது. மரத்தடிக் கூட்டத்தில் பேசுகிற குரலிலேயே கத்தினேன்.

"வாரா வாரம் யூரியாவைக் கொட்டினா சாறு கொழுத்துப் போயி அசுவினி கூட்டங் கூட்டமா வரும். இதுகூடவா ஒருத்திக்குத் தெரியாது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. என் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் வாசலில் நுனி காய்ந்து நின்ற மரத்தைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் ஒரு வருடமாக அரிசி கழுவின தண்ணீர் ஊற்றாத காலி வாளி கவிழ்ந்து கிடந்தது. மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "உங்களுக்குத் தெரியுமே."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி ஓடியது. நான் உருண்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை.

அந்த வருடம் மறுபடியும் சவுக்குத் தலையை வெட்டிவந்து நட்டார்கள். பண்டிகை ஆராதனைக்கு வழக்கம்போல இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு நடுவில் இன்னொருத்தர் உட்காருகிற அளவு இடம் இருந்தது. முடிந்து வெளியே வரும்போது பாடகர் குழுப் பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா வீட்டு மரம் வருமென்று சொன்னாயே, என்ன ஆயிற்று என்று அவளைத்தான் கேட்டார்கள். சொல்லப்போகிறாள், சொல்லட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் தப்புதான். தெரியாம யூரியாவை அதிகமாப் போட்டுட்டேன்" என்றாள்.

எல்லோரும் அச்சச்சோ என்றார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டி, நீங்கள் போன வருடம் எவ்வளவு பக்குவமாகப் போட்டீர்கள், அந்தக் கை எல்லோருக்கும் வருமா என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, குடையை விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபை முன்னால்கூட வேண்டாம், அந்த நாலு பெண்களின் முன்னால் சொன்னால் போதும். என் வாய் திறக்கவில்லை. வெயிலில் முன்னால் நடந்துபோகிற அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என் இடத்தில் அவள் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பாள்.